கேளுங்கள், சொல்கிறோம்: ரொனால்ட் ராஸும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்

கேள்வி: கொசுவால் மலேரியா பரவுவதைக் கண்டறிந்த ரொனால்ட் ராஸ் படைத்தளபதியின் மகன் என்றும், சென்னை மாகாணத்தில் பணியாற்றியவர் என்றும் சொல்கிறார்களே, உண்மையா? கேப்டன் காட்டன் கால்வாயைத் தூர்வாரினால் எங்கள் பகுதியில் மலேரியா ஒழிந்துவிடுமா?
– வாசகி, வியாசர்பாடி, சென்னை

பதில்: நீங்கள் கேள்விப்பட்ட இரண்டும் உண்மையே. மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மூன்றே நாள் கழிந்திருந்த 1857 மே 13 அன்று அல்மோராவில் பிறந்தவர் ராஸ். அவருடைய தந்தை ஆங்கிலேயரின் இந்தியப் படையில் ஜெனரல் பதவிவரை உயர்ந்தவர். மகனுக்கோ கவிதையிலும் இசையிலும்தான் நாட்டம். தந்தையின் விருப்பத்துக்காகவே லண்டனில் மருத்துவம் படித்து, 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, சென்னை மாகாணத்துக்கு வந்தார்.

1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், மலேரியா நோயாளியைக் கடித்த அனாபிலிஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் அந்நோயின் கிருமியைக் கண்டதும், அதற்காகக் கடிபட்ட உசேன் கானுக்குக் கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி கொடுத்ததும், 1902இல் நோபல் பரிசு பெற்றதும் பலரும் அறிந்த செய்திகள். உங்கள் கேள்விக்கு நெருக்கமானது, 1883இல் பெங்களூரில் நடந்த சிறு நிகழ்ச்சி. தம் பங்களாவில் கொசுத்தொல்லை மிகுந்திருக்கக் கண்ட ராஸ், சன்னலருகே இருந்த தண்ணீர்த் தொட்டியில் புழுக்கள் நெளிவதைப் பார்த்து அதைக் கவிழ்த்துவிட, கொசுக்கள் பெரும்பாலும் மறைந்துபோயின. அதிகாரிகளின் உணவுக்கூடத்திலும் அவ்வாறே செய்யலாம் என்று அவர் சொன்னபோது, கொசுவும் ஏதோ ஒரு காரணத்துக்காகப் படைக்கப்பட்டதுதான், அதைப் பொறுத்துக்கொள்வதே நம் கடமை என்று அங்கிருந்த படை அதிகாரி மறுத்துவிட்டாராம். படைவீட்டுப் பிள்ளைக்குப் படையிலேயே கிடைத்த மரியாதை அது!

இனி கால்வாய்க்கு வருவோம். கேப்டன் காட்டன் கால்வாய், ஓட்டேரி நல்லா ஓடை போன்றவற்றின் சாக்கடை நீரில் பெருகுவது பெரும்பாலும் க்யூலெக்ஸ் கொசு. இரவெல்லாம் காதருகே ரீங்கரிக்கும் அது யானைக்கால் நோயைப் பரப்பக்கூடியதே தவிர, மலேரியாவைப் பரப்புவதில்லை. சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்ஸி, கிணறு, மூடாத மொட்டைமாடித் தொட்டி, லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம் ஆகியவற்றின் நல்ல நீரில் முட்டையிடுவது. ஆகவே தூர்வாரினால் வெள்ளமும் நாற்றமும் குறையலாம். மலேரியாவைத் தடுக்க, தொட்டிக்கு இடுக்கில்லாத மூடியும் கிணற்றுக்கு வலையும் போட்டு, டிரம்மை வாரம் ஒருமுறை காலிசெய்து தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாவதற்குப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குமேல் ஆகும்.