பதில்: ஸ்காலரில் 24, ஸ்கோபஸில் 15, எதை நம்புவது?

நண்பரே, நீங்கள் பிஎச்.டி. சேர நினைக்கும் நரம்பு மருந்தியல் பேராசிரியரின் எச்-இண்டெக்ஸ் கூகுள் ஸ்காலர் தேடலில் 24, ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் 15 என இரண்டு விதமாக இருப்பதால் பயப்படுகிறீர்கள். (எச்-இண்டெக்ஸ் 24 என்றால், குறைந்தது 24 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவருக்கு 24 உண்டு.) அது இயல்புதான். ஆய்வேடு, முன்பதிப்பு (இதழில் வருமுன் இணையத்தில் வெளியிடும் கட்டுரை), புத்தக அத்தியாயம் என எங்கே மேற்கோள் வந்தாலும் ஸ்காலர் எண்ணிவிடும். ஸ்கோபஸ் தன் பட்டியலில் உள்ளவற்றை மட்டுமே எண்ணும். ஆனால் அதே இனிஷியல் உள்ள வேறொருவரின் கட்டுரைகள் கலந்திருக்கின்றனவா என்று பாருங்கள். நம் பெயர்களில் இது அடிக்கடி நடக்கும்.

எண்ணை வைத்து மட்டும் ஆளை எடை போடாதீர்கள். இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் இந்த அளவுகோலை முன்வைத்தபோது, உயிரியலாளர் பட்டியலில் முதலிடம் சாலமன் ஸ்னைடருக்கு, 191. மூளையில் ஓபியேட் ஏற்பி (அபின் வகை மருந்துகள் வந்து ஒட்டும் இடம்) இருப்பதை 1973இல் கேன்டஸ் பெர்ட்டுடன் காட்டியவர் அவர். நோபல் கிடைக்கவில்லை. ஆர்விட் கார்ல்சனோ 1957இல் நேச்சரில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்: சர்ப்பகந்தியில் கிடைக்கும் ரெசர்பின் கொடுத்து முடங்கிப்போன முயல்கள், டோபா (உடல் டோபமைனாக மாற்றும் பொருள்) ஊசி போட்டதும் எழுந்து நடமாடின. பார்க்கின்சன் சிகிச்சைக்கே வழி திறந்த வேலை அது! நோபல் வந்தது 2000இல்.

உங்கள் பேராசிரியரின் மேற்கோள்கள் மறுஆய்வுக் கட்டுரைகளுக்கா (ஏற்கனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்பவை), சொந்தச் சோதனைகளுக்கா என்று பிரித்துப் பாருங்கள். கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளில் மாணவர் பெயர் முதலில் வருகிறதா? எனக்கு அதுதான் முக்கியம். அவரிடம் படித்து முடித்த ஒருவருக்கு இன்றே மின்னஞ்சல் போடுங்கள்.