கையை நீட்டினாலே கொத்த வரும் பால் பைத்தானை எப்படிப் பழக்குவது?

கேள்வி: மூன்று வாரத்துக்கு முன் ஒரு பால் பைத்தான் குட்டி வாங்கினேன். தொட்டிக்குள் கையை விட்டாலே சீறுகிறது, இரண்டு முறை கொத்திவிட்டது. தடித்த கையுறை போட்டுக்கொண்டு தினமும் அரை மணி நேரம் இறுக்கிப் பிடித்திருந்தால் தானாக அடங்கிவிடும் என்று கடையில் சொன்னார்கள். செய்யலாமா?

செய்யாதீர்கள். அரை மணி நேரம் திமிறிவிட்டு அசையாமல் கிடக்கிற பாம்பை ‘அடங்கிவிட்டது’ என்று நினைப்பது, அடித்து அடித்து அழுகையை நிறுத்திய பிள்ளையை ‘சமர்த்து’ என்று சொல்வது மாதிரி. மறுநாள் கை உள்ளே வந்ததும் முந்தைய நாளைவிட வேகமாகக் கொத்தும்.

பாம்புக்கு நம் மேல் பாசம் வராது. வந்துவிட்டதாகச் சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை, நம்புவதும் இல்லை. நாம் செய்யக்கூடியது ஒன்றுதான்: அதற்கு நம்மை அலுத்துப்போக வைப்பது. கை வரும், தூக்கும், கொஞ்ச நேரம் கழித்து இறக்கிவிடும், அதனால் ஒன்றும் ஆகாது. இது பத்து முறை, இருபது முறை நடந்தால் சீறுவது வீண்வேலை என்று அதற்கே ஆகிவிடும்.

நான் டொராண்டோவில், ஸ்கார்பரோ பக்கம் இருக்கிறேன். இங்கே விஷப்பாம்பும் மூன்று மீட்டருக்கு மேல் வளரும் பாம்பும் வீட்டில் வைத்திருக்கத் தடை. பால் பைத்தான் ஒன்றரை மீட்டரைத் தாண்டுவதே அபூர்வம் என்பதால் அதற்குச் சிக்கல் இல்லை. (இந்தியாவிலிருந்து படிக்கிறவர்களுக்கு: நம்மூர் மலைப்பாம்பையோ சாரையையோ பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இந்தப் பதில் அதற்கானது இல்லை.)

என்னிடம் இருப்பது ஆறு வயதில் என்னிடம் வந்த பெண் பாம்பு. ஊரைவிட்டுக் கிளம்பிய ஒருவர், பொங்கலன்று, மைனஸ் பதினைந்து டிகிரி குளிரில், கண்ணாடித் தொட்டியோடு காரில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அதனால் பெயர் பொங்கல். பெயருக்கேற்ற மாதிரி பொங்கிக்கொண்டேதான் இருந்தது. எங்களோடு இருக்கும் அம்மா அதன் இனத்தின் பெயரைக் கேட்டதும், “ஏல, இது பாலா குடிக்கும்?” என்றார். அந்தப் பால், பசும்பால் இல்லை, பந்து. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துவைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சாதி இது. கானா, டோகோ, பெனின் பக்கத்துப் புல்வெளிகளில் எலி வளைக்குள்ளும் கறையான் புற்றுக்குள்ளும் பகலெல்லாம் பதுங்கிக் கிடக்கும். புற்றுக்குள் பாம்பு என்பது அங்கேயும் உண்மைதான்.

சுருண்டு ஒளிய வேண்டிய பாம்பு கொத்த வருகிறது என்றால், பெரும்பாலும் ஒளிய இடமில்லை என்றுதான் அர்த்தம். பொங்கல் வந்த தொட்டி நாலு பக்கமும் கண்ணாடி. உள்ளே ஒரே ஒரு மரப்பட்டை, அதுவும் இரண்டு பக்கமும் திறந்தது. தொட்டியை நான் வைத்த இடமோ ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். நடுத்தெருவில் உட்கார வைத்துவிட்டு ‘ஏன் முறைக்கிறாய்’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே பாம்பைத் தொடுவதற்கு முன் தொட்டியைப் பாருங்கள். உடம்பு இரண்டு பக்கமும் உரசும் அளவுக்கு இறுக்கமான மறைவிடம் இரண்டு வேண்டும். ஒன்று சூடான பக்கம், ஒன்று குளிர்ந்த பக்கம். ஒன்றே ஒன்று இருந்தால் சூடு வேண்டுமா பாதுகாப்பு வேண்டுமா என்று அது தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். சூடான இடம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 25 டிகிரி பக்கம். ஹீட்டரைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடவே கூடாது, வயிறு வெந்துவிடும். பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் அட்டையால் மூடிவிடுங்கள். பழைய பார்சல் அட்டை போதும். ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். எங்கள் வீட்டில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி ஓடி அது 22க்கு இறங்கியிருந்தது. பொங்கல் உரித்த முதல் சட்டை முழுசாக வராமல் துண்டு துண்டாகக் கிழிந்து வந்தபோதுதான் அளவுகருவியை வாங்கினேன். தோல் இழுத்துப் பிடித்துக்கொண்டு அரிக்கிற உயிர் யாரையும் பார்த்துச் சீறும்.

இதையெல்லாம் சரிசெய்தபின் இரண்டு வாரம் தொடாதீர்கள். தண்ணீர் மாற்றுவது, அழுக்கு எடுப்பது, இவ்வளவுதான். இரை இரண்டு முறையாவது தவறாமல் எடுத்த பிறகுதான் தூக்குகிற பேச்சு.

அடுத்தது, இரண்டு முறை கொத்தியது என்கிறீர்களே, எப்படிக் கொத்தியது? பயத்தில் கொத்துவது வேறு, பசியில் கொத்துவது வேறு. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்தால் எதுவும் நடக்காது. பயந்த பாம்பு கழுத்தை எஸ் வடிவில் பின்னால் இழுத்துக்கொண்டு புஸ்ஸென்று மூச்சுவிடும், அடித்த வேகத்தில் விட்டுவிடும். சில நேரம் வாயைத் திறக்காமலே மூக்கால் இடிக்கும், ‘போ’ என்கிற மாதிரி. பசித்த பாம்பு சீறாது. தலையை மெதுவாக முன்னால் நீட்டி, உங்கள் விரல் போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பும். கடித்தால் விடாது, உடம்பைச் சுற்றி இறுக்கும்.

என்னை முதல் தடவை கடித்தது பசிக்கடி, தப்பு முழுக்க என்னுடையது. உறைந்த எலியை வெந்நீரில் போட்டு இளக்கிவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்க உள்ளே விட்டேன். பால் பைத்தானுக்கு மேலுதட்டு ஓரத்தில் வரிசையாகக் குழிகள் உண்டு, அவற்றால் இருட்டிலும் உடல் சூட்டை உணரும். எலி வாசத்தோடு, எலிச் சூட்டோடு ஒன்று உள்ளே வந்தால் அது எலிதான். கட்டைவிரல் அடியில் கவ்விக்கொண்டு மணிக்கட்டை மூன்று சுற்று சுற்றிவிட்டது. வலி கருவேல முள் கிழித்த அளவுதான். பயம்தான் பெரிது, பிடுங்கி எறியக் கை துடித்தது. எறியவே கூடாது. பல்லெல்லாம் உள்நோக்கி வளைந்திருக்கும், இழுத்தால் நம் தோலும் கிழியும், அதன் பல்லும் முறியும். குழாயடிக்குப் போய்க் குளிர்ந்த தண்ணீரை அதன் வாய்ப்பக்கம் மெல்ல ஓடவிட்டேன். ஒரு நிமிஷத்தில் விட்டது. பிறை வடிவில் சின்னச் சின்ன ரத்தப் பொட்டுகள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மருந்து தடவினேன். காயம் சிவந்து வீங்கினால் டாக்டரிடம் காட்ட வேண்டியதுதான்.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. கையை விடுவதற்கு முன் கொக்கியால் அதன் உடம்பின் நடுப்பகுதியை மெல்லத் தொடுங்கள். கொக்கி இல்லையென்றால் சமையலறைப் பேப்பர் சுருளின் அட்டைக் குழாய் போதும், நான் முதல் மூன்று மாதம் அதைத்தான் வைத்திருந்தேன். இரை கொடுக்கும் நாளில் இந்தத் தொடுதல் இல்லை, நீளமான இடுக்கிதான். தூக்கும் நாளில் முதலில் அட்டை, பிறகு கை. சில வாரத்தில் வித்தியாசம் அதற்குப் பிடிபட்டுவிடும்.

சரி, தூக்குவது எப்படி? நேர் மேலிருந்து கையை இறக்காதீர்கள், காட்டில் மேலிருந்து வருவது பருந்து. பக்கவாட்டிலிருந்து வாருங்கள். அட்டையால் தொட்டதும் தலையை வெடுக்கென்று உள்ளே இழுக்கும். காத்திருங்கள். நாக்கு வெளியே வருகிறதா என்று பாருங்கள். விறைத்துக்கொண்டிருக்கும் பாம்பு நாக்கை நீட்டாது. நிதானமாக, நீளமாக நாக்கை அசைத்து மோப்பம் பிடிக்க ஆரம்பித்தால் ‘யார் இது’ என்று விசாரிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது ஒரு கையை நடு உடம்புக்கு அடியில் கொடுத்து, மறு கையால் பின்பாதியைத் தாங்கி, தயங்காமல் ஒரே சீராகத் தூக்குங்கள். நீட்டி நீட்டி இழுத்துக்கொள்ளும் கைதான் அதிகம் கடி வாங்கும். தலையைப் பிடிக்க வேண்டாம், தடவவும் வேண்டாம். இந்தச் சாதிக்குத் தலையைத் தொட்டால் ஆகாது.

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், “வடிவேல் கோபாலும் மாசி சடையனும் ப்ளோரிடா வரைக்கும் போய்க் கையாலேயே பிடிக்கவில்லையா?” என்று மடக்கினார். பிடித்தார்கள்தான். 2017இல், பாம்பு பிடிப்பதில் பேர்போன அந்த இரண்டு இருளர்களும் பிடித்தது காட்டில் பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளை. தேடிப் பிடித்துச் சாக்கில் போடுவது ஒரு வித்தை. நாளை மறுநாள் அதே பாம்பை மறுபடி எடுக்க வேண்டியிருப்பது வேறு கதை.

முதல் தடவை மூன்று நிமிஷம் போதும். ஒருநாள் விட்டு ஒருநாள், தரையில் உட்கார்ந்துகொண்டு, மடிக்கு மேலே. கீழே விழுந்தாலும் அடிபடாது. கையை மரக்கிளை மாதிரி வைத்துக்கொண்டு அது போகிற பக்கம் போகவிடுங்கள். எப்போது இறக்குகிறீர்கள் என்பதுதான் நிறையப் பேர் கோட்டைவிடும் இடம். அது சீறியதும் பயந்துபோய்த் தொட்டியில் போட்டால், சீறினால் வீட்டுக்குப் போகலாம் என்று கற்றுக்கொடுக்கிறோம். சீறினால் அப்படியே அசையாமல் இருங்கள். உடம்பு தளர்ந்து, நாக்கு வெளியே வந்து, அரை நிமிஷம் ஆனபின் இறக்குங்கள். ரொம்பத் துள்ளினால் மெல்லிய துண்டு ஒன்றைத் தலைப்பக்கம் போர்த்துங்கள், இருட்டினால் பாதி கோபம் போய்விடும். மெல்லிய கையுறை உங்களுக்குத் தைரியம் தரும் என்றால் முதல் சில நாள் போட்டுக்கொள்ளலாம். தடித்த தோல் கையுறை வேண்டாம், எவ்வளவு இறுக்குகிறோம் என்று நமக்கே தெரியாது.

நீங்கள் உடுத்திய டி-ஷர்ட்டைத் தொட்டிக்குள் போடச் சொல்வார்கள், வாசம் பழகுமாம். நானும் போட்டேன். பொங்கல் அதன்மேல் மூத்திரம் பெய்துவைத்தது. அதோடு விட்டுவிட்டேன்.

தொடவே கூடாத நாட்கள் உண்டு. இரை எடுத்து 48 மணி நேரத்துக்குள் தூக்கினால் கக்கிவிடக்கூடும், அது அதன் உடம்புக்குப் பெரிய கேடு. அப்புறம் சட்டை உரிப்பதற்கு முன் கண் பால் படிந்த மாதிரி நீலச்சாம்பல் நிறமாகும், பார்வை மங்கிப்போயிருக்கும். உரித்து முடிக்கும்வரை விட்டுவிடுங்கள். இத்தனை நாள் சாதுவாக இருந்த பாம்பு திடீரென்று மூர்க்கமானால் குணத்தைக் குறை சொல்லாமல் உடம்பைப் பாருங்கள். செதில் இடுக்கில் மிளகுத்தூள் மாதிரிக் கறுப்புப் பொட்டு நகர்கிறதா, நாளெல்லாம் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்கிறதா, அப்படியானால் உண்ணி. மூச்சில் கரகரப்போ மூக்கில் குமிழோ இருந்தால் நுரையீரல் தொற்றாக இருக்கலாம். இரண்டுக்குமே ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர்தான் வழி. தொட்டபின் ஒவ்வொரு தடவையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சால்மோனெல்லா கிருமி ஆரோக்கியமான பாம்பிடமும் இருக்கும். வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் அதன் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

பொங்கலுக்கு நாலு மாதம் பிடித்தது. குட்டிக்கு அவ்வளவு ஆகாது, பொதுவாகக் குட்டிகள்தான் அதிகம் சீறும், வளர வளரக் குறையும். மே மாதத்தில் ஒருநாள் தூக்கியபோது கழுத்தை இழுக்கவில்லை. முழங்கை மடிப்புக்குள் தலையைச் செருகிக்கொண்டு பத்து நிமிஷம் கிடந்தது. அன்பு இல்லை, அங்கே இருட்டு, கொஞ்சம் சூடு. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, அந்த அறைக்குள் முதல் தடவையாக இரண்டு அடி வந்து, “தூங்குதா?” என்று கேட்டார். பாம்புக்கு இமை கிடையாது, தூங்கினாலும் கண் திறந்தேதான் இருக்கும் என்று சொன்னேன். உடனே இரண்டு அடி பின்னால் போய்விட்டார்.

உங்கள் தொட்டியின் இரண்டு பக்கத்துச் சூடும், ஈரப்பதமும், கடைசியாக எப்போது இரை எடுத்தது என்பதும் கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். கடையில் சொன்ன தடித்த கையுறையைத் தோட்ட வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.