ஸ்டென்ட் வைத்தவர் புதிய கொழுப்பு மாத்திரையின் ஆய்வில் சேரலாமா?

கேள்வி: எனக்கு வயது 58. மேலூரில் நெல் வியாபாரம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அட்டோர்வாஸ்டாட்டின் 40 சாப்பிட்டும் கெட்ட கொழுப்பு 112-இல் நிற்கிறது. கால் சதையும் வலிக்கிறது. நான் காட்டும் மதுரை மருத்துவமனையில், கொழுப்பைப் பாதியாகக் குறைக்கும் புது மாத்திரையின் ஆய்வில் சேர்கிறீர்களா என்று கேட்டு ஒரு கட்டுத் தாள் கொடுத்தார்கள். "அப்பாவைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்கள்" என்கிறாள் மகள். புதியது வரப்போகிறதே என்று பத்து நாளாகப் பழைய மாத்திரையை நிறுத்தியிருக்கிறேன். சேரலாமா?

பதில்: கடைசிக்கு முந்தைய வரியிலிருந்து தொடங்குகிறேன். ஆய்வைவிட அதுதான் எனக்குப் பெரிய கவலை. இன்றே உங்கள் இதய மருத்துவரிடம் பேசி, நிறுத்திய மாத்திரையை மீண்டும் எடுக்கத் தொடங்குங்கள். ஆஸ்பிரினையும் சேர்த்து நிறுத்தியிருந்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே தொலைபேசியை எடுங்கள். புதிய மாத்திரை பழையதற்கு மாற்றாக வருவதில்லை. இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் ஸ்டாட்டின் (உங்கள் அட்டோர்வாஸ்டாட்டின் அந்த வகை மாத்திரைதான்) அப்படியே தொடரும். அதன்மேல்தான் புது மருந்தோ, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோ தருவார்கள். பல வாரங்களாக ஒரே அளவில் ஸ்டாட்டின் எடுப்பவர்களைத்தான் வழக்கமாகச் சேர்ப்பார்கள். ஆகவே ஆய்வுக்காக நிறுத்தியதே ஆய்வுக்குத் தடையாகிவிடலாம்.

சதை வலியைப் பற்றி ஒரு சுவையான ஆய்வு உண்டு. லண்டனில், ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை என்று கைவிட்ட 60 பேருக்கு ஓராண்டுக்கு மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு புட்டிகள் கொடுத்தார்கள். நான்கில் ஸ்டாட்டின், நான்கில் வெற்று மாத்திரை, நான்கு காலி. 2020-இல் முடிவு வந்தது: ஸ்டாட்டின் எடுத்த மாதங்களில் பட்ட தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கை வெற்று மாத்திரை மாதங்களிலும் பட்டிருந்தார்கள். வலி பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. வலி உண்மை, பழிதான் பல நேரம் தவறான ஆள்மேல் விழுகிறது. தைராய்டு சுரப்பு குறைந்தால் கொழுப்பும் ஏறும், சதையும் வலிக்கும். அதையும், தசை நொதியான சி.பி.கே.வையும் ஒரே ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம்.

இனி ஆய்வு. ஸ்டென்ட் வைத்தவருக்குக் கெட்ட கொழுப்பு 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இன்றைய கணக்கு. நீங்கள் அதைப்போல இரண்டு மடங்கில் இருக்கிறீர்கள். ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாக ஆறு விழுக்காடுதான் இறங்கும். ஆனால் எசெட்டிமைப் என்ற எளிய மாத்திரையைச் சேர்த்தால் ஐந்தில் ஒரு பங்கு குறையும்: 112 ஏறத்தாழ 90 ஆகும். அது உங்கள் சீட்டில் இருப்பதாகத் தெரியவில்லை. அதற்கு மேல் பெம்பிடோயிக் அமிலம் இருக்கிறது. அது கல்லீரலில்தான் செயல் வடிவம் பெறும். தசையில் அதற்கான நொதி இல்லை. ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாத ஏறக்குறைய 14,000 பேரிடம் நடந்த ஆய்வில் மாரடைப்பு உள்ளிட்ட இதய நிகழ்வுகளை அது 13 விழுக்காடு குறைத்தது. முடிவு வெளியானது 2023-இல். யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்கும் தொல்லையும் பித்தப்பைக் கல்லும் சிலருக்குக் கூடின. இரண்டு மாத்திரையும் நம் மருந்துக் கடைகளில் மருத்துவர் சீட்டுக்குக் கிடைக்கின்றன.

உங்களுக்குச் சொன்ன மருந்து பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்தைத் தடுக்கும் வகையாக இருக்கலாம். ரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பை வாரி எடுக்கும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின்மேல் இருக்கின்றன. அவற்றை அழிக்கும் வேலையை அந்தப் புரதம் செய்கிறது. இதுவரை அதற்கு விலை உயர்ந்த ஊசிதான் இருந்தது. மாத்திரை வடிவில் வந்த என்லிசிடைடை ஏறக்குறைய 2,900 பேரிடம் சோதித்த முடிவு 2025 நவம்பரில் வெளியானது: 24 வாரத்தில் கெட்ட கொழுப்பு பாதிக்கும் மேல் இறங்கியது. அதை வெறும் வயிற்றில் விழுங்கி அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். விடியற்காலைக் காபிக்குப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு அதுவே பாதித் தவம்.

எண் இறங்கினால் போதாதா என்றால், போதாது. டார்செட்ராபிப் என்ற மாத்திரை கெட்ட கொழுப்பைக் கால்வாசி குறைத்தது, நல்ல கொழுப்பை 72 விழுக்காடு ஏற்றியது. சோதனைச் சீட்டில் அதைவிட அழகான மருந்து அன்று இல்லை. 15,000 பேரிடம் நடந்த ஆய்வில் அதைச் சாப்பிட்டவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்ததால் 2006 டிசம்பரில் அதைக் கைவிட்டார்கள். அதனால்தான் என்லிசிடைடும் 14,000-க்கும் மேற்பட்டோரிடம், மாரடைப்பைக் குறைக்கிறதா என்று பல ஆண்டு ஆய்வில் இருக்கிறது. உங்கள் தாளில் முதலில் தேட வேண்டியது இதைத்தான்: அவர்கள் அளப்பது எண்ணையா, மாரடைப்பையா? மருந்தை மனிதரிடம் படிப்படியாகச் சோதிப்பதில் இது எத்தனையாவது கட்டம்?

மகளின் அச்சம் நியாயமானது, ஆனால் அவர் பார்க்கும் திசை வேறு. மூன்றாம் கட்டத்துக்கு வந்த மருந்து முன்பே நூற்றுக்கணக்கானோர் சாப்பிட்டது. உங்கள் நிலையில் புது மாத்திரையைவிட வெற்று மாத்திரைக்குத்தான் நான் பயப்படுவேன். எசெட்டிமைபைக்கூடப் பார்க்காமல் சேர்ந்து, வெற்று மாத்திரைப் பக்கம் விழுந்தால், ஆண்டுக்கணக்கில் 112-லேயே கிடப்பீர்கள். வெளியே பரிசோதித்துக்கொள்ள வேண்டாம் என்று ஆய்வுக்காரர்கள் சொல்வதும் வழக்கம். எண்ணைப் பார்த்தால் யாருக்கு எது என்று தெரிந்துவிடுமே.

ஒருமுறை உசிலம்பட்டிப் பெரியவர் ஒருவருடன் இத்தகைய தாளை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தேன். "தற்செயலாக ஒரு குழுவில் சேர்க்கப்படுவீர்கள்" என்ற இடத்தில் விரலை வைத்து, "தற்செயல் என்றால் விபத்தா ஐயா?" என்று கேட்டார். சீட்டுக் குலுக்கல் என்றேன், உடனே புரிந்துகொண்டார். "குலுக்குகிற ஆளுக்கும் தெரியாதா?" என்றார். தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மொழிபெயர்ப்புத் தமிழ் மிரட்டினால் நீங்களும் இப்படி விரலை வைத்துக் கேளுங்கள். விளக்குவது அவர்கள் கடமை.

மருந்து ஆய்வுகளுக்கான இந்திய அரசின் 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் மருத்துவம் இலவசம். ஆய்வினால்தான் என்று உறுதியானால் இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான சிகிச்சை அதனால் கெடக் கூடாது. மருந்துக்கோ பரிசோதனைக்கோ உங்களிடம் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தாளில் சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். மகள் அதை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் இணையதளத்தில் தேடினால் மதுரை மருத்துவமனையின் பெயர் அங்கே இருக்கிறதா என்று தெரியும்.

என் யோசனை: முதலில் ஸ்டாட்டின், கூடவே எசெட்டிமைப் பற்றி மருத்துவரிடம் பேச்சு, ஆறு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை. அப்போதும் 55 எட்டாக்கனி என்றால், எசெட்டிமைபைத் தொடர அனுமதிக்கும் ஆய்வா என்று கேட்டு, அனுமதித்தால் தாராளமாகச் சேருங்கள். தாளில் இன்று கையெழுத்துப் போட வேண்டாம். அடுத்த முறை போகும்போது மகளை அழைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போடுங்கள், யாராவது கொடுத்த கருஞ்சீரகப் பொடி இருந்தால் அதையும். சேர முடிவெடுத்துக் கையெழுத்திடும் நாளில், அந்தத் தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, இரவு இரண்டு மணிக்கு அவசரம் என்றால் அழைக்க வேண்டிய எண்ணை அதில் வட்டமிட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள்.