1932இல் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் கம்யூனிஸ்டு உறுப்பினர் கிளாரா செட்கின் ஆற்றிய உரையை ஏன் துணிச்சலானது என்கிறார்கள்? வயதில் மூத்த உறுப்பினர் புதிய அவையைத் தொடங்கிவைப்பது வெறும் சடங்குதானே?

சடங்குதான், மறுக்கவில்லை. ஆனால் வராமலே இருந்திருந்தாலும் அவரை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது என்பதைத் தாங்கள் கணக்கில் கொள்ளவில்லை. வயது 75, பார்வை ஏறக்குறைய போய்விட்டது, நோயுற்றுச் சோவியத் ஒன்றியத்தில் தங்கியிருந்தார். அங்கிருந்து பெர்லினுக்கு வந்து, பிறர் தாங்கிப்பிடிக்க மேடையேறி, 608 உறுப்பினர்களில் 230 பேர் நாஜிகளாக இருந்த அவையில், ஆகஸ்ட் 30 அன்று, பாசிசத்தைப் பின்வாங்கச் செய்ய உழைக்கும் மக்கள் அனைவரும் கட்சி வேறுபாடு பாராமல் ஒன்றுசேர வேண்டும் என்று பேசினார்.

நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கண் நீர் அழுத்த நோயால் எனக்குப் பார்வை மங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் ஓய்வூதியர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நான் பேச எழுந்தபோது, "அம்மாவுக்குச் சிரமம் வேண்டாம், எழுதி வைத்திருப்பதைக் கொடுங்கள், நாங்களே படித்துவிடுகிறோம்" என்று பொறுப்பாளர் ஒருவர் மிகுந்த பணிவுடன் வாங்கிக்கொண்டார். படித்தார்கள், கட்டட நிதிக்குக் கணக்குக் கேட்டிருந்த பத்தியை மட்டும் விட்டுவிட்டார்கள். இதையும் அதையும் ஒப்பிடுவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்: என் எதிரே இருந்தவர்கள் ஓய்வுபெற்ற எழுத்தர்கள். தன் வாயால் பேசுவதற்கும் பிறர் படித்துக்காட்டுவதற்கும் உள்ள தூரத்தை மட்டுமே சொல்கிறேன்.

மிதவாத இடதுசாரிகளான சமூக ஜனநாயகவாதிகளைச் 'சமூக பாசிஸ்டுகள்' என்று ஏசிய கட்சியின் உறுப்பினர்தானே அவர் என்று சிலர் கேட்கக்கூடும். ஆம், அந்த ஏச்சு பெருந்தவறு. நான் கம்யூனிஸ்டும் அல்ல. ஆயினும் ஹிட்லரை வெளியுலகம் அதிகம் அறியாத 1923ஆம் ஆண்டிலேயே, பாசிசம் முதலாளிகளின் அடியாள்படை மட்டுமன்று, ஏமாற்றமடைந்த எளிய மக்களும் புகலிடம் தேடிப் போய்ச் சேருமிடம் அது, ஆகவே ஆயுதத்தால் மட்டும் அதை வெல்ல முடியாது என்று உலகக் கம்யூனிஸ்டுக் கட்சிகளின் கூட்டமைப்பான கம்யூனிஸ்டு அகிலத்தின் கூட்டத்தில் எடுத்துரைத்தவர் அவர்.

தாம் கனவு கண்ட சோவியத் ஜெர்மனியின் முதல் பேரவையையும் மூத்தவர் என்ற முறையில் தாமே தொடங்கிவைக்கும் நாளைக் காண விரும்புவதாகக் கூறித்தான் அன்றைய உரையை முடித்தார். அன்றே அவைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நாஜிக் கட்சியின் ஹெர்மன் கோரிங். 1933 ஜூன் 20 அன்று மாஸ்கோவுக்கு அருகே செட்கின் காலமானார். இடையில், 1932 டிசம்பரில் கூடிய அடுத்த அவையைத் தொடங்கிவைத்த மூத்த உறுப்பினர் நாஜிக் கட்சியின் கார்ல் லிட்ஸ்மன். சடங்கில் ஒரு மாற்றமும் இல்லை.