சர்வரின் ரூட் பாஸ்வேர்ட் யார் கையில் இருக்கிறது?

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே மாங்கூழ் ஆலை நடத்துகிறோம். எடைமேடைப் பதிவு, ஸ்டாக், பில் எல்லாம் ஆபீஸில் உள்ள, உபுண்டு என்ற சிஸ்டம் ஓடும் சர்வரில் இருக்கின்றன. சாப்ட்வேர் போட்டுக் கொடுத்தவர் ஓசூரிலிருந்தே எஸ்.எஸ்.எச். (தூரத்திலிருந்து சர்வரை இயக்கும் வசதி) வழியாக நுழைந்து கோளாறு பார்ப்பார். கணக்குப் பார்க்கும் பெண் தருமபுரியில் தன் வீட்டிலிருந்து லேப்டாப்பில் நுழைகிறார். இன்ஜினீயரிங் படிக்கும் எங்கள் உறவுப் பையன் சர்வரின் வருகைப் பதிவான லாகைத் திறந்து, ‘ஃபெயில்டு பாஸ்வேர்ட் ஃபார் ரூட்’ (முழு அதிகாரம் உள்ள ரூட் லாகினுக்குப் போட்ட பாஸ்வேர்ட் தவறு) என்று வரி வரியாக ஓடுவதைக் காட்டினான். போர்ட் எண்ணை (சர்வருக்குள் நுழையும் வாசலின் எண்) மாற்றினால் போதும், அதோடு பாதுகாப்பு பேக்கேஜும் ஆண்டுக் கட்டணத்தில் தருகிறேன் என்கிறார் சாப்ட்வேர்காரர். எங்களை ஹேக் செய்துவிட்டார்களா? பணம் கட்டலாமா?

பதில்: அந்த வரிகளைப் பார்த்துப் பதற வேண்டாம். இணையத்துக்குத் திறந்திருக்கும் எந்தச் சர்வரானாலும், அதன் 22-ம் எண் போர்ட்டைத் தானியங்கி புரோகிராம்கள் ராப்பகலாகத் தட்டிக்கொண்டே இருக்கும். ரூட், அட்மின், டெஸ்ட், உபுண்டு என்று பழகிய பெயர்களைப் போட்டுப் பார்ப்பார்கள். உங்கள் ஆலை எங்கே இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

பையனிடம் அதே லாகில் ‘ஆக்செப்டட்’ (நுழைய அனுமதித்தது) என்று உள்ள வரிகளைத் தேடச் சொல்லுங்கள். எந்தப் பெயரில், எந்த ஐ.பி. எண்ணிலிருந்து (இணைய முகவரி), எத்தனை மணிக்கு நுழைந்தார்கள் என்பது அந்த ஒரே வரியில் இருக்கும். சாப்ட்வேர்காரரையும் கணக்காளரையும் கேட்டு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். சீசனில் ராத்திரி ஷிப்டு ஓடும் ஆலை உங்களுடையது. அதனால் நள்ளிரவு நேரம் என்பதை மட்டும் வைத்துச் சந்தேகப்படாதீர்கள். யாருமே உரிமை கொண்டாடாத வரிதான் ஆபத்து.

போர்ட் எண்ணை மாற்றினால் லாகில் சத்தம் குறையும், அவ்வளவுதான். தேடுகிறவன் எல்லா எண்ணையும் தேடுவான். இதற்கு ஆண்டுக் கட்டணமா? ஒரு பைசா கொடுக்காதீர்கள். செய்ய வேண்டியது பாஸ்வேர்டால் நுழைவதையே நிறுத்துவது. எஸ்.எஸ்.எச். இரண்டு கோப்புகளைக் கொண்டு ஆளை அடையாளம் காணும். பப்ளிக் கீ பூட்டு மாதிரி, அதைச் சர்வரில் மாட்டலாம், யார் பார்த்தாலும் கவலையில்லை. பிரைவேட் கீ சாவி, அது அவரவர் லேப்டாப்பை விட்டு நகரவே கூடாது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘எஸ்.எஸ்.எச்.-கீஜென்’ கட்டளை இருக்கிறது. கணக்காளர் தானே அதை ஓட்டி, பாஸ்பிரேஸ் (சாவியைக் காக்கும் ரகசியச் சொற்றொடர்) வைத்துச் சாவியை உருவாக்கட்டும்.

இங்கேதான் நம் ஊர்ப்பக்கம் பலர் ஏமாறுகிறார்கள். ‘கீயை நானே செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்’ என்பார் வெண்டர், அதாவது சாப்ட்வேர் போட்டுத் தந்தவர். அப்படி வந்த சாவி அவரிடமும் இருக்கும், அவர் கடைப் பையனிடமும் இருக்கும். எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே சாவியைப் போட்டு வைத்திருப்பவர்களும் உண்டு. அதில் ஒரு லேப்டாப் தொலைந்தால் எல்லார் கணக்கும் போச்சு. வெண்டருக்குத் தனிப் பெயரில் ஒரு லாகின் கொடுங்கள், ரூட் வேண்டாம். ஒப்பந்தம் முடிந்த அன்றே அவருடைய பப்ளிக் கீயை எடுத்துவிடுங்கள். ரூட் உட்பட எல்லா லாகினிலும் அனுமதித்த பப்ளிக் கீகள் இருக்கும் ‘ஆதரைஸ்டு கீஸ்’ கோப்பைத் திறந்து, தெரியாத வரி எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சாவி வேலை செய்கிறதா என்று திரையில் இரண்டாவது ஜன்னலைத் திறந்து, சர்வருக்குள் நுழைந்து பார்த்த பிறகே, செட்டிங் கோப்பில் ‘பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன்’, ‘பெர்மிட் ரூட் லாகின்’ இரண்டையும் ‘நோ’ ஆக்க வேண்டும். அதுவரை முதல் ஜன்னலை மூடக் கூடாது; மூடிவிட்டுக் கதவுக்கு வெளியே நிற்பவர்கள் நிறையப் பேர். உபுண்டுவில் பக்கத்து ஃபோல்டரில் உள்ள சின்னக் கோப்பு ஒன்றில் ‘எஸ்’ (ஆம்) என்று இருந்தால் அதுவே செல்லும், உங்கள் ‘நோ’ எடுபடாது. ஆகவே சாவி இல்லாத வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து நுழைந்து பாருங்கள். பாஸ்வேர்ட் கேட்காமலே விரட்டினால் சரி.

கணக்காளரிடம் ஒன்று சொல்லி வையுங்கள். ‘ரிமோட் ஹோஸ்ட் ஐடென்டிஃபிகேஷன் ஹேஸ் சேஞ்சுடு’ என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். சர்வருக்கும் தன்னை அடையாளம் காட்ட ஒரு சாவி உண்டு; அது மாறியிருப்பதால், தான் பேசுவது பழைய சர்வரோடுதானா என்று அவர் லேப்டாப்புக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று அர்த்தம். ‘அந்தக் கோப்பை (லேப்டாப் சர்வர் சாவியைக் குறித்து வைத்திருக்கும் கோப்பு) அழித்துவிட்டு மறுபடி போடுங்கம்மா’ என்று போனில் சொல்வது வெண்டர்களுக்கு வழக்கமாகிவிட்டது. சர்வரைப் புதிதாக இன்ஸ்டால் செய்திருந்தாலோ ஹார்டு டிஸ்க் மாற்றியிருந்தாலோ எச்சரிக்கை நியாயமாகவே வரும். அப்போதும், உண்மையிலேயே மாற்றினோமா என்று உங்களிடம் கேட்க வேண்டும். நீங்கள் சர்வர் முன்னால் உட்கார்ந்து, சர்வர் சாவியின் சுருக்க அடையாளமான ஃபிங்கர்பிரின்ட்டை வாசிக்க, அவர் தன் திரையில் எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். ஒத்திருந்தால் அந்தக் கோப்பில் பழைய வரியை மட்டும் அழிக்கலாம். கரன்ட் போய் வந்தது, ரூட்டர் மாற்றினோம் என்றெல்லாம் சொன்னால் ஏற்காதீர்கள். அதனால் சர்வரின் சாவி மாறாது.

உரிமை கொண்டாடாத ‘ஆக்செப்டட்’ வரி இருந்துவிட்டால் பாஸ்வேர்டை மாற்றுவது போதாது. நெட் கேபிளைக் கழற்றுங்கள், லாகைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள், டேட்டாவை மட்டும் காப்பாற்றிக்கொண்டு சர்வரைப் புதிதாக இன்ஸ்டால் செய்யுங்கள். இப்படி நடந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், நடக்காவிட்டாலும் லாகை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசு உத்தரவு போட்டது. நிறுவனங்களுக்கு அது பொருந்தும். கிருஷ்ணகிரி ஆலைக்காரருக்கு அதைத் தமிழில் யார் சொன்னார்கள்? கெடு விதிக்கத் தெரிந்தவர்கள், பராமரிப்பு ஒப்பந்தத்தில் லாகின் யார் யாரிடம் என்று எழுத வைத்திருக்க வேண்டாமா? அடுத்த சீசனுக்கு முன் அந்த ஒரு பத்தியை நீங்களே எழுதி, வெண்டரிடம் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் ஆளை மாற்றுங்கள்.