பெயிண்ட் உரிகிற சுவரைச் சுரண்டுவதற்கு முன்

கேள்வி: "சொந்த வீட்டின் உள்பக்கம் முழுவதற்கும் பெயிண்ட் அடிக்க ஒரு கான்ட்ராக்டரிடம் வேலையை விட்டோம். பழைய பெயிண்டைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, மேலே இரண்டு கோட் எமல்ஷன் என்று பேச்சு. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டதுதான். முக்கால் பங்குப் பணம் கொடுத்துவிட்டோம். நான்கே மாதத்தில் இரண்டு அறைகளில் பெயிண்ட் பொரிந்து உரிகிறது. குழந்தை தூங்கும் கட்டிலில் செதில் செதிலாக விழுகிறது. கேட்டால், 'உங்க சுவத்துல ஓதம் இருக்கு, அதுக்கு நான் என்ன பண்றது' என்கிறார். பாக்கியைத் தராவிட்டால் கேஸ் போடுவேன் என்கிறார். வேறு ஆளை வைத்துச் சுரண்டி அடித்துக்கொள்ளலாமா? பாக்கியைக் கொடுத்தாக வேண்டுமா? எழுத்து இல்லாமல் நாங்கள் கேஸ் போட்டால் நிற்குமா?"

பதில்: உங்கள் மூன்று கேள்விகளில் முதல் கேள்விதான் அவசரமானது. சுரண்டாதீர்கள். இன்னும் சில நாள் பொறுங்கள். உங்கள் வழக்கில் முக்கியமான சாட்சி அந்தச் சுவர்தான். என்னிடம் வருகிறவர்களில் பலர் புதுப் பெயிண்டும் அடித்து முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். போனில் இரண்டு மங்கலான படங்கள் இருக்கும், அவ்வளவுதான். எதிர்த்தரப்பு "அது வேறு யார் வீட்டுச் சுவரோ" என்று சொன்னால் பதில் சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்காது.

குழந்தையின் கட்டிலை இன்றைக்கே வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். விழுந்த செதில்களை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், உலர்ந்த துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் வீடு பழையது என்றால் அடியில் இருக்கும் பழைய அடுக்குகளில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூசு சின்னக் குழந்தைக்குக் கெடுதல்.

அப்புறம் ஆதாரம். பகல் வெளிச்சத்தில், முழு அறையும் தெரியும்படி ஒரு வீடியோ எடுங்கள். வாசலில் தொடங்கி, நிறுத்தாமல், உரிந்த இடம்வரை கேமரா போகட்டும். பிறகு ஒவ்வொரு இடத்தையும் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். தானாக உரிந்து தொங்கும் துண்டுகளில் நாலைந்தை எடுத்துத் தனித்தனி உறையில் போட்டு, எந்தச் சுவர், எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள்.

அந்தத் துண்டைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். விரலால் தேய்த்தால் மாவு மாதிரி வெள்ளைத் தூசு ஒட்டுகிறதா? அப்படியானால் உப்புத்தாள் போட்ட தூசைத் துடைக்காமலோ பிரைமர் இல்லாமலோ பட்டியின் மேலேயே எமல்ஷனை அடித்திருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு இடமுண்டு. பட்டியும் சேர்ந்து பாளமாக வந்து, பின்னால் பழைய பெயிண்டின் நிறம் தெரிகிறதா? அப்படியானால் பழைய பெயிண்டைச் சுரண்டுவதாகச் சொன்ன வேலை சரியாக நடக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். இவற்றை உறுதிசெய்ய வேண்டியவர் ஒரு கட்டடப் பொறியாளர். அவரை நேரில் வரவழைத்து, கையெழுத்திட்ட அறிக்கை வாங்குங்கள். காலி பெயிண்ட் வாளிகள் வீட்டில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். பெயிண்டின் பெயர், ரகம், பேட்ச் எண், தயாரித்த தேதி எல்லாம் அதில் இருக்கும். பேசிய ரகமும் வாங்கிய ரகமும் வேறு என்றால் அந்த வாளியே அதைக் காட்டிக்கொடுக்கும்.

இனி எழுத்து இல்லை என்ற உங்கள் பயம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி இப்படிப்பட்ட வேலைக்கு வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். என்ன பேசினோம் என்று நிரூபிப்பதுதான் சிரமம், அதற்கு உங்களிடம் வாட்ஸ்அப் இருக்கிறது. "ரெண்டு கோட்", "பிரைமர்" என்று அவர் எழுதிய ஒரு வரி போதும். அந்த உரையாடலை முழுவதுமாக ஏற்றுமதி செய்து வையுங்கள். உங்களுக்குப் பாதகமான வரிகளையும் அழிக்கக் கூடாது. பிறகு போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவுகளைத் தாக்கல் செய்யும்போது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதை உங்கள் வழக்கறிஞர் தயாரித்துத் தருவார். பணம் வங்கி வழியாகப் போயிருந்தால் அந்த ஸ்டேட்மென்ட்டும் சாட்சிதான்.

ஓதம் என்று அவர் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்த மாதிரி வழக்குகள் ஜெயிப்பதும் தோற்பதும் இந்த இடத்தில்தான். முதலில் அவர் சொல்வது உண்மையா என்று பாருங்கள். உரிந்த சுவருக்குப் பின்னால் குளியலறையோ, மழை அடிக்கும் வெளிப்பக்கமோ இருக்கிறதா? அல்லது இரண்டு அறைகளுக்கு நடுவே நிற்கும் காய்ந்த தடுப்புச் சுவரா? நடுச்சுவர், அதில் குழாயும் ஓடவில்லை, தரையை ஒட்டிய பகுதியும் காய்ந்திருக்கிறது என்றால் அவருடைய வாதம் அங்கேயே அடிபட்டுப் போகும். ஒரு பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் மட்டும் கோத்தால் அது அறைக்காற்றின் ஈரம். இது உங்கள் தெளிவுக்காகச் செய்வது. கேஸுக்குப் பொறியாளர் கருவி வைத்து எடுத்த அளவுதான் வேண்டும்.

சரி, ஓதம் நிஜமாகவே இருக்கிறது என்று வையுங்கள். அப்போதும் அவர் தப்பிவிட முடியாது. அனுபவமுள்ள பெயிண்டருக்கு ஈரச் சுவர் கைவைத்தாலே தெரியும், தெரிந்திருக்க வேண்டும். "இதைச் சரிசெய்யாமல் அடித்தால் நிற்காது" என்று அவர் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(11)-ஆம் பிரிவில் சேவைக் குறைபாட்டுக்கு விளக்கம் சொல்லும்போது, வேலையின் தரத்திலும் செய்யும் முறையிலும் உள்ள குறைகளோடு, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேர்த்திருக்கிறது. ஆனால் ஒன்றை உங்களிடம் நேராகவே கேட்கிறேன். அவர் வேலை தொடங்கும்போது ஓதத்தைப் பற்றி எச்சரித்தாரா? "பரவாயில்லை, அடிங்க" என்று வீட்டில் யாராவது சொன்னீர்களா? அப்படி ஒரு மெசேஜ் இருந்தால், அந்தச் சுவரைப் பொறுத்தவரை உங்கள் கோரிக்கை பலவீனமாகிவிடும். வழக்கறிஞரிடம் அதை மறைக்காதீர்கள். இரண்டு அறைகளையும் தனித்தனியாகப் பிரித்து வாதாட வழி இருக்கலாம்.

பாக்கிப் பணம். கோபத்தில் "ஒரு பைசா தரமாட்டேன்" என்று மெசேஜ் போட வேண்டாம். "வேலையில் இன்னின்ன குறைகள் உள்ளன, சரிசெய்யும்வரை, அல்லது சரிசெய்ய ஆகும் செலவை முடிவு செய்யும்வரை, பாக்கியை நிறுத்தி வைக்கிறேன்" என்று எழுதுங்கள். ஒப்பந்தச் சட்டம் 73-ஆம் பிரிவின் கீழ், ஒப்பந்த மீறலால் இயல்பாக விளைந்த நஷ்டத்தை நீங்கள் கேட்கலாம். குறையைச் சரிசெய்யும் செலவு அதில் அடங்கும். முன்பு பேசியதைவிட உயர்ந்த ரகத்துக்கு மாற்றினால் அந்தக் கூடுதல் செலவு உங்களுடையது. சரிசெய்யும் செலவு பாக்கியைவிடக் குறைவு என்று தெரியவந்தால் மிச்சத்தை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும், நன்றாக இருக்கும் அறைகளுக்கு அவர் உழைத்திருக்கிறாரே. கேஸ் போடுவேன் என்பது வெறும் மிரட்டல் இல்லை, வேலை செய்த கூலிக்கு அவர் மூன்று ஆண்டுக்குள் சிவில் வழக்குப் போடலாம். நீங்கள் குறையை எழுத்தில் முன்கூட்டியே பதிவு செய்திருந்தால் அதுவே உங்கள் பதிலுரை.

நீங்கள் போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஒரு பகுதி கொடுத்து மறுபகுதி தருவதாகச் சொன்னவரும் சட்டப்படி நுகர்வோர்தான், ஆகவே பாக்கி இருப்பது தடை அல்ல. சொந்த வீட்டு வேலை என்பதால் வணிக நோக்கம் என்ற ஆட்சேபமும் எழாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வேலைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் கட்டணமும் இல்லை. வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் கூடுதல் காலம் பிடிக்கும், அதற்குத் தயாராக இருங்கள். அதற்குமுன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் பதிந்து பாருங்கள். சில சமயம் அதிலேயே பேச்சுவார்த்தை தொடங்கிவிடும். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: வேலை சரியில்லை என்பது மட்டும் மோசடிக் குற்றம் ஆகாது. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும்.

ஆகவே இந்த வாரத்திலேயே பொறியாளர் அறிக்கையை வாங்கி, பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அவருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். குறைகளைச் சுவர்வாரியாக எழுதி, 15 நாள் அவகாசம் கொடுத்து, "வந்து பார்த்துச் சரிசெய்யுங்கள், தவறினால் வேறு ஆளை வைத்துச் செய்து அந்தச் செலவை உங்களிடம் கேட்பேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பிலும் ஒரு நகல் போகட்டும். அவர் வந்தால் வீட்டுக்குள் விடுங்கள், பார்க்கட்டும். வராவிட்டால் 16-ஆம் நாள் வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம். முதலில் ஓதத்தைச் சரிசெய்துவிட்டு, பழைய அடுக்கை ஈரமாக்கிச் சுரண்டச் சொல்லுங்கள், ஒவ்வொரு செலவுக்கும் பில் வாங்குங்கள். ஒவ்வொரு அறையிலும், கதவுக்குப் பின்னாலோ அலமாரி மறைவிலோ இரண்டடிக்கு இரண்டடி இடத்தை மட்டும் சுரண்டாமல் அப்படியே விட்டுவையுங்கள். செதில் விழாதபடி அதன்மேல் ஒரு தாளை ஒட்டிக்கொள்ளலாம். பின்னால் ஆணையம் யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொன்னால், காட்டுவதற்கு அந்த இடம் இருக்கும்.