சீட்டாட்டக் குழுவுக்குள் குடல் புற்றுநோய்ப் பரிசோதனையை எப்படிக் கொண்டுபோவது?

கேள்வி: கனடாவின் ஸ்காபரோவில் சனிக்கிழமைகளில் 304 விளையாடும் குழு ஒன்றை நடத்துகிறேன். இருபது பேர் மட்டில் வருவார்கள். பெரும்பாலும் 50க்கும் 70க்கும் இடைப்பட்டவர்கள். எங்களில் ஒருவருக்கு, வயது 58, பெருங்குடலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து இந்தக் குளிர்காலத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. மற்றவர்களும் பரிசோதித்துக்கொண்டால் நல்லது என்று கதையெடுத்தேன். "சாப்பிடுற நேரத்தில இதென்ன கதை" என்று சிரித்து மழுப்பிவிட்டார்கள். பரிசோதனைப் பெட்டிகளை மொத்தமாக வாங்கி எல்லோருக்கும் ஒரே நாளில் செய்விக்கலாமா? இரண்டு பேருக்குக் குடும்ப வைத்தியர் இல்லை. இன்னொருவருடைய அப்பா, பெற்றோர் நீண்டகாலம் தங்கிப் போவதற்கான சூப்பர் விசாவில் வந்திருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மொத்தமாக வாங்கும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். ஒன்ராறியோவில் இந்தப் பரிசோதனைப் பெட்டி அவரவர் பெயர் போட்டுத்தான் வரும். மாகாணத்தின் 'கோலன் கான்சர் செக்' திட்டம் 2008இல் தொடங்கியது. 2019 ஜூனிலிருந்து அதில் பயன்படுவது 'ஃபிட்' என்ற மலப் பரிசோதனை. குடும்ப வைத்தியரோ நேர்ஸ் பிரக்டிஷனரோ கோரிக்கை அனுப்பினால், லைஃப்லாப்ஸ் ஆய்வுகூடம் பெட்டியை வீட்டுக்கே தபாலில் அனுப்பும். 50 முதல் 74 வயதுவரை, அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, காசில்லாமல். மருந்துக்கடையில் விற்கும் பெட்டியில் செய்தால் அந்த முடிவு இந்தத் திட்டத்துக்குள் போகாது. மலத்தில் இரத்தம் இருக்கிறது என்று முடிவு வந்தால் அடுத்து உங்களை யார் கூப்பிடுவார்கள்? அந்த இடத்தில்தான் பலருக்கு எல்லாம் அறுந்துபோகிறது.

இனி ஆட்களை இணங்கவைக்கும் விஷயம். நண்பர்கள் சிரித்தார்கள் என்பதால் அவர்களுக்கு விளங்கவில்லை என்று நினைக்காதீர்கள். குடும்ப வைத்தியராக நான் காண்பது வேறு. முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்பவர்கள் குறைவு. "ஓம் டொக்டர், செய்யிறன்" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். பெட்டியும் வீட்டுக்கு வரும். பிறகு அது பாத்ரூம் அலுமாரியில் துவாய்களுக்குப் பின்னால் காலாவதியாகும்வரை கிடக்கும். ஒன்ராறியோவில் தெற்காசியர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே இந்தப் பரிசோதனையைச் செய்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பயமும் வெட்கமும் காரணம்தான். ஆனால் 'பிறகு பார்ப்பம்' என்ற பழக்கமும் அவற்றுக்குக் குறைந்ததல்ல. அதனால் குழுவில் புற்றுநோயைப் பற்றிப் பிரசங்கம் வேண்டாம். அலுமாரியில் கிடக்கும் பெட்டியை வெளியே எடுக்க வைப்பதுதான் உங்கள் வேலை.

அதற்கு நேரம் பார்க்க வேண்டும். ரோல்ஸும் தேத்தண்ணியும் மேசைக்கு வரும்போது மலத்தைப் பற்றிக் கதைத்தால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? ஆட்டம் முடிந்து கோட்டு மாட்டுகிற நேரத்தில் தனித்தனியாகக் கேளுங்கள். "அண்ணை, ஒன்ராறியோ ஹெல்த்திலிருந்து கடிதம் வந்ததா? பெட்டி வீட்டில கிடக்கா?" இவ்வளவும் போதும். 50 வயதாகும்போது அழைப்புக் கடிதம் வரும், பிறகு நினைவூட்டல்கள் வரும். பலர் அதை விளம்பரம் என்று நினைத்து எறிந்துவிடுகிறார்கள். வீடு மாறியபோது சுகாதார அட்டையில் விலாசத்தை மாற்றாமல் விட்டவர்களும் உண்டு. அவர்களுடைய கடிதம் இன்னும் பழைய பேஸ்மன்ற் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கும். இதை மட்டும் சரிபார்க்க வைத்தாலே பெரிய காரியம்.

அதைவிட வலுவானது, நீங்கள் முதலில் செய்துவிட்டு அதைச் சொல்வது. அமெரிக்கத் தொலைக்காட்சி அறிவிப்பாளர் கேட்டி கூரிக்கின் கணவர் 1998இல் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார். அவருக்கு அப்போது 42 வயது. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் கூரிக் தான் கொலனோஸ்கோபி, அதாவது கமராக் குழாய் விட்டுப் பெருங்குடலின் உள்ளே பார்க்கும் பரிசோதனை, செய்துகொள்வதைத் தொலைக்காட்சியிலேயே காட்டினார். அதன் பிறகு அந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டவர்களின் எண்ணிக்கை சுமார் 20 சதவீதம் கூடியதாகப் பின்னர் வந்த ஆய்வு சொன்னது. உங்கள் மேசையில் எதிரே இருந்து விளையாடுகிறவர் "நான் போன கிழமை அனுப்பிட்டன், அஞ்சு நிமிச வேலை" என்று சொல்வதற்கு அந்தத் தொலைக்காட்சியைவிட மதிப்புக் கூட என்பது என் எண்ணம். சத்திரசிகிச்சை செய்துகொண்ட நண்பர் தானாகப் பேச முன்வந்தால் நல்லது. வராவிட்டால் அவரை உதாரணமாகக் காட்டாதீர்கள். பெயர் சொல்லாமல் "எங்கட ஆள் ஒருத்தருக்கு" என்றாலும் யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

பரிசோதனையைப் பற்றிப் பழைய பயங்கள் இருக்கும். முன்பிருந்த முறையில் மூன்று நாள் மாதிரி எடுக்க வேண்டும், இதைச் சாப்பிடாதே அதைச் சாப்பிடாதே என்ற கட்டுப்பாடும் இருந்தது. ஃபிட்டுக்கு ஒரே ஒரு மாதிரி போதும். மலம் தண்ணீரில் படாமல் பிடித்து, குச்சியால் மேலே சுரண்டி, குப்பிக்குள் வைத்து மூட வேண்டும், அவ்வளவுதான். அது தேடுவது மனித இரத்தத்தில் உள்ள புரதத்தை மட்டும். ஆகவே முதல்நாள் ஆட்டிறைச்சிக் கறி சாப்பிட்டாலும் பிழையில்லை, மருந்து எதையும் நிறுத்தவும் தேவையில்லை. மாதிரி எடுத்த தேதியைக் குப்பியில் எழுத மறக்கக்கூடாது. தேதி இல்லாததாலும் பெட்டி காலாவதியானதாலும் ஆய்வுகூடம் திருப்பிவிடுவது உண்டு. எடுத்தவுடன் தபாலில் போடுங்கள், அல்லது லைஃப்லாப்ஸ் நிலையத்தில் கொடுங்கள். வெய்யில் நாளில் காருக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். சூட்டில் அந்தப் புரதம் சிதைந்துவிடும்.

ஏன் அறிகுறி வருமுன் செய்ய வேண்டும் என்று யாராவது கேட்டால் இப்படிச் சொல்லலாம். பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்கள் பொலிப் என்ற சிறு தசைமுளையில் தொடங்குகின்றன. அது புற்றுநோயாக மாற ஏறக்குறைய பத்து வருடம் எடுக்கும். அந்த இடைவெளியில் கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் கசியலாம். முன்கூட்டியே கண்டுபிடித்தால் பத்தில் ஒன்பது பேரைக் குணப்படுத்த முடியும். ஆனால் ஃபிட் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒருமுறை செய்தால் ஐந்தில் ஒரு புற்றுநோய் மட்டில் தப்பிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யச் சொல்வது அதற்காகத்தான்.

இந்தப் பெட்டி பொருந்தாதவர்களும் உங்கள் குழுவில் இருப்பார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு தொடங்கும் குழுக்கள் தடுக்கி விழுவது இங்கேதான். மலத்தோடு இரத்தம் போகிறவர், காரணம் தெரியாமல் மெலிகிறவர், மலம் போகும் வழக்கம் சில கிழமைகளாக மாறியிருப்பவர், இரும்புச்சத்துக் குறைந்து இரத்தசோகை என்று சொல்லப்பட்டவர் ஆகியோர் ஃபிட்டுக்குக் காத்திருக்கக்கூடாது. நேரே வைத்தியரிடம் போக வேண்டும். நம் ஆட்கள் இரத்தத்தைக் கண்டால் "மூலச்சூடு" என்று சொல்லி நல்லெண்ணெய் வைத்து முழுகிவிட்டு வந்துவிடுவார்கள். மூலமாகவே இருக்கலாம். ஆனால் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது வைத்தியர். கடந்த பத்து வருடத்துக்குள் கொலனோஸ்கோபி செய்து எல்லாம் சரி என்று வந்தவருக்கு இப்போது ஃபிட் தேவையில்லை. குரோன்ஸ் போன்ற குடல் அழற்சி உள்ளவர்களுக்கு வேறு கண்காணிப்பு இருக்கிறது.

அப்புறம் குடும்ப வரலாறு. தாய், தந்தை, சகோதரம், பிள்ளை ஆகிய இவர்களில் ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால் ஃபிட் போதாது, கொலனோஸ்கோபிதான். 50 வயதில் தொடங்க வேண்டும், அல்லது உறவினருக்கு நோய் கண்ட வயதிலிருந்து பத்தைக் கழித்து வரும் வயதில். எது முந்தி வருகிறதோ அது. உங்கள் நண்பருக்கு 58 வயதில் கண்டிருக்கிறார்கள். அவருடைய பிள்ளைகள் 48 வயதில் தொடங்க வேண்டும். அவருக்கு 60 வயதுக்கு முன் கண்டதால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கும் இதே கணக்குத்தான். அவர்களில் பலர் யாழ்ப்பாணத்திலோ லண்டனிலோ பாரிஸிலோ இருப்பார்கள். தொலைபேசி எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் குழுவில் இருபது பேர் ஃபிட் செய்வதைவிட, அந்த ஒரு குடும்பத்துக்குத் தகவல் போய்ச் சேருவது முக்கியமாகக்கூட இருக்கலாம்.

ஃபிட் முடிவு இரத்தம் இருப்பதாக வந்தால் என்ன? அதற்குப் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. இரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும் என்பதுதான் அர்த்தம். எட்டு வாரத்துக்குள் கொலனோஸ்கோபி செய்ய வேண்டும் என்பது திட்டத்தின் இலக்கு. மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அதற்குப் பணம் கட்டும். பொலிப் இருந்தால் அதிலேயே எடுத்துவிடுவார்கள். இரத்தக்கசிவு, குடலில் துளை போன்ற ஆபத்துகள் உண்டு, ஆனால் அரிது. "இன்னொருக்கா ஃபிட் செய்து பார்ப்பம்" என்று சிலர் தப்பப் பார்ப்பார்கள். இரண்டாவது நல்லபடி வந்தாலும் முதலாவது இல்லாமல் போகாது.

இங்கேதான் ஒரு குழு உண்மையில் உதவலாம். மயக்க ஊசி போடுவதால் அன்று தனியாக வீட்டுக்குப் போகவிடமாட்டார்கள், 24 மணி நேரம் கார் ஓட்டவும் கூடாது. டாக்ஸி பிடித்துத் தனியே போகிறேன் என்றாலும் பெரும்பாலான இடங்களில் விடமாட்டார்கள். பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள், மனைவிக்கு ஹைவேயில் ஓடப் பயம், அதற்காகவே திகதியைத் தள்ளிப்போடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். உங்களில் ஓய்வு பெற்றவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள் அல்லவா? முறை வைத்துக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

குடலைச் சுத்தம் செய்யும் மருந்துதான் எல்லோரும் பயப்படுவது. அதைப் பற்றி ஆஸ்பத்திரி தரும் தாளில் நம் சாப்பாடு இருக்காது. சில நாட்களுக்கு முன்பிருந்தே நார்ச்சத்தைக் குறைக்கச் சொல்வார்கள். அதாவது சிவப்பரிசி மாப் புட்டு, ஒடியல், கீரை, வெந்தயம், விதையுள்ள காய்கறி வேண்டாம். வெள்ளைச் சோறு, வெள்ளை மா இடியப்பம், முட்டை, மீன் சரி. முதல்நாள் தெளிந்த நீராகாரம் மட்டும்: பால் விடாத தேத்தண்ணி, வடித்த கோழி சூப், அப்பிள் ஜூஸ், இளநீர். சிவப்பு நிறக் குடிபானம் கூடாது, உள்ளே பார்க்கும்போது இரத்தம் மாதிரித் தெரியும். உங்கள் வயதுக் குழுவில் நீரிழிவு உள்ளவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். இன்சுலின், நீரிழிவு மாத்திரை, ஓசெம்பிக் போன்ற ஊசி, இரத்தம் உறையாமல் போடும் மாத்திரை, இரும்பு மாத்திரை எல்லாவற்றையும் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். ஒருவர் சொன்னதைக் கேட்டு இன்னொருவர் தானாக நிறுத்தக்கூடாது.

வாட்ஸப் குழுவில் "அனுப்பியாச்சா?" என்று கேட்கலாம். "என்ன வந்தது?" என்று மட்டும் கேட்காதீர்கள். முடிவு 304இல் மூடிவைத்த துரும்புச் சீட்டு மாதிரி, வைத்திருப்பவர் திறக்காமல் மற்றவர்கள் புரட்டிப் பார்ப்பதில்லை. யார் செய்தது, யார் செய்யவில்லை என்று பட்டியல் போடுவதும் வேண்டாம். போட்டால் செய்யாதவர் அடுத்த சனி விளையாடவே வரமாட்டார்.

குடும்ப வைத்தியர் இல்லாத இருவரும் 811க்கு அழைக்கலாம். அது மாகாணத்தின் 'ஹெல்த்811' சுகாதார உதவிச் சேவையின் எண். மொழிபெயர்ப்பு உதவியும் உண்டு. சுகாதார அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ஃபிட் பெட்டி வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவராக இருந்தால் நீங்கள் பக்கத்தில் இருந்து ஸ்பீக்கரில் போட்டு அழைக்கலாம்.

சூப்பர் விசாவில் வந்தவருக்கு ஓஹிப் இல்லை, ஆகவே இந்தத் திட்டமும் இல்லை. விசாவுக்காக எடுத்த காப்புறுதி பெரும்பாலும் அவசர சிகிச்சைக்குத்தான். அறிகுறி இல்லாதபோது செய்யும் பரிசோதனைக்குப் பொதுவாகப் பணம் கொடுக்காது. அவருக்கு 74 வயது தாண்டியிருந்தால் வழமையான பரிசோதனை தேவையா என்பதே வைத்தியரோடு பேசி முடிவெடுக்க வேண்டியது. அந்த வயதில் ஒரு சிறு பொலிப் தொல்லை கொடுக்க எடுக்கும் காலத்தையும், கொலனோஸ்கோபியின் சிரமத்தையும், அவருடைய மற்ற நோய்களையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அதைவிட இளையவர், உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றால், ஊருக்குத் திரும்பிப் போனதும் அங்கே வைத்தியரிடம் கேட்டுச் செய்துகொள்ளலாம், அல்லது இங்கே கைக்காசில் செய்யலாம். இரத்தம் போகிறது, மெலிகிறார் என்றால் ஊருக்குப் போகும்வரை வைத்திருக்காதீர்கள். வோக்-இன் கிளினிக்கில் கட்டணம் கட்டியாவது இந்தக் கிழமையே காட்டுங்கள். போகுமுன் காப்புறுதி நிறுவனத்தைக் கூப்பிட்டு, அறிகுறிக்காகச் செய்யும் பரிசோதனைக்கு என்ன தருவார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.